ஆறாயிரம் ஆதரவாளர்களைத் தேடி நுரைச்சோலை, கற்பிட்டி, உச்சமுனை

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவர்கள், இரண்டு என் தங்கை விட்டுப் போனவர்கள். ஆறு பேர் இன்று சொந்தக் கூரையின் கீழ் இருக்கிறார்கள், கடைசியவன் என் கூரையின் கீழ், அல்ஹம்துலில்லாஹ். இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. ஏழு பேரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு ஒரே நேரத்தில் பாயில் உட்கார வைக்க என்னால் முடிந்தது. ஐந்நூறு பேரை ஒரு பந்து விளையாட்டுக்குக் கூப்பிட்டு ஒரே நேரத்தில் உட்கார வைக்க முடியவில்லை. அதற்காக நான் போன பயணத்தை எழுதுகிறேன். போகாதவர்கள் வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும். வந்திருக்க வேண்டியவர்கள் வாசித்து வெட்கப்படட்டும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம்.

பாலாவிச் சந்தியில் திரும்பி, கற்பிட்டி வீதியில் இரண்டு கிலோமீற்றர் போனால் எங்கள் குடியிருப்பு. ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் களப்பு. தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இறங்கியவர்கள் நாங்கள். இறங்கிய மறு வருடமே ஆம்பிளைகள் ஓர் உதைபந்தாட்டக் கழகம் தொடங்கிவிட்டார்கள். கிணறு வெட்ட மூன்று வருடம் எடுத்தவர்கள், கோல் கம்பம் நட மூன்று நாள் எடுக்கவில்லை. உப்பளத்து வேலைக்குப் போகுமுன் விடியற்புறத்தில் விளையாடியதால் வெள்ளாப்பு விளையாட்டுக் கழகம் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அதற்குச் செயலாளர் என் கடைசி மகன் நிஸ்தார். கழகத்தைப் பற்றி அவன் கதைக்கத் தொடங்கினால் அடுப்பில் சோறு கரிந்துவிடும்.

போன ஆட்டத்துக்கு எங்கள் மைதானத்தில் பத்தொன்பது டிக்கட் விற்றது. அதில் பதினொரு பேர் எதிரணியோடு வந்தவர்கள். டிக்கட் இல்லாமல் இரண்டு ஆடுகள் வந்தன. லீக்கில் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? அடுத்த ஆட்டத்துக்கு ஐந்நூறு டிக்கட் விற்றுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளாப்பின் ஆட்டங்கள் எல்லாம் சிலாபத்து மைதானத்துக்கு மாற்றப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். சிலாபம் நாற்பத்தைந்து கிலோமீற்றருக்கு மேல். காலையில் உப்பளத்தில் நிற்பவனும் கடலுக்குப் போய் வருபவனும் கிழமைக்குக் கிழமை அவ்வளவு தூரம் போய் விளையாட மாட்டார்கள். இரண்டு மாதத்தில் கழகம் கலைந்துவிடும். நிஸ்தார் சாப்பாட்டைக் குறைத்துவிட்டான். சாப்பாட்டைக் குறைக்கிற பிள்ளையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அவன் லீக்குக்கு எழுதிய பதிலில் எங்கள் கழகத்துக்கு ஆறாயிரம் ஆதரவாளர்கள் இருப்பதாக எழுதியிருந்தான். எப்படி வந்தது ஆறாயிரம் என்று கேட்டேன். விரல் விட்டான். இங்கே இருப்பவர்கள், நுரைச்சோலையிலும் ஆலங்குடாவிலும் கட்டிக்கொடுத்த பிள்ளைகள், கற்பிட்டி உச்சமுனைக் கடற்காரர்கள், மன்னாருக்குத் திரும்பிப் போனவர்கள், கட்டாரில் இருப்பவர்கள், போனில் விருப்பம் போட்டவர்கள். மௌத்தாகி மண்ணுக்குள் போனவர்களையும் சேர்த்தாயா என்று கேட்டேன். விட்ட விரலை மடக்கினான். சேர்த்திருக்கிறான்.

போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, போனில் போட்டாகிவிட்டது, இனிமேல் என்ன செய்வது என்று கேட்டான். எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கள் சனத்தை இவனுக்குத் தெரியாதா? சுவரில் ஒட்டினால் அது சுவருக்குச் சொன்னது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னால் அது அறிவித்தல். ஒருவர் வாசலுக்கு வந்து, உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, வாயால் சொன்னால்தான் அது அழைப்பு. எங்கள் குடியிருப்பில் முப்பது வருடமாக எந்தக் கல்யாணமானாலும் வெளியூருக்குச் சொல்லப் போவது நான்தான். நான் சொல்லி வராதவர்கள் இல்லை. ஆகவே நானே போகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். ஓட்டோ அடுத்த வீட்டுப் பஸீருடையது. நாள் முழுக்க எட்டாயிரம் கேட்டான். ஏழாயிரத்துக்கு இறக்கினேன். பஸீருக்கு வெள்ளாப்பின் ஒவ்வொரு ஆட்டக்காரனும் எந்தக் காலால் உதைப்பான் என்று தெரியும். எந்த வருடம் யார் கோல் அடித்தார்கள் என்று உப்பளம் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். போன ஆட்டத்துக்கு டிக்கட் எடுத்தாயா என்று கேட்டேன்.

"உள்ளுக்குப் போனா வெயில் மாமி. வேலிக்கு வெளியால வேம்பு இருக்கு. ஓட்டோவுக்கு மேல ஏறி நிண்டா முழு கிரவுண்டும் தெரியும்."

"அப்ப நீ டிக்கட் எடுக்கல்ல."

"என்ட மனசு உள்ளுக்குத்தான் மாமி இருக்கும்."

மனசுக்கு டிக்கட் கிழிக்க முடியாது என்றேன். சிரித்தான். ஏழாயிரத்தை ஆறாயிரமாக இறக்கியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

வீதியின் இரு புறமும் வெங்காயத் தோட்டங்கள். தெளிப்பான் தண்ணீர் வீதிவரைக்கும் விழுந்தது. கழுதைகள் நடுவீதியில் நின்றன. பஸீர் ஹோன் அடித்தால் அவை காதை மட்டும் அசைக்கும். எங்கள் ஆதரவாளர்களின் நினைவு வந்தது. நுரைச்சோலைக்குப் பதினைந்து கிலோமீற்றர் இருக்கும் என்றான். அவனுடைய கிலோமீற்றர் வாடகையைப் பார்த்து நீளும், ஆகவே வாசிக்கிறவர்கள் குறைத்துக்கொள்ளவும். அனல் மின் நிலையத்தின் புகைக்கூண்டு தெரிந்த பிறகும் வெகுநேரம் போனோம்.

நுரைச்சோலையில் என் மூத்த மகளின் மாமியார் ஹாஜரா இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது குறைவு, அக்கா முறையில் ராத்தா என்பாள். அவளுடைய வீட்டு முன்சுவரில் வெள்ளாப்பின் பச்சைக் கொடி தொங்குகிறது. நல்ல கொடி, மழையில் நிறம் போய்த் தொங்குகிறது. அவளுடைய புருசன் மின் நிலையத்தில் காவல் வேலை. இரண்டு மகன்மாரும் பச்சைச் சட்டையோடுதான் தூங்குவார்கள். எத்தனை ஆட்டத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயே ராத்தா" என்றாள்.

கொடி தொங்குகிறது, ஆட்டம் நடக்கும் நாள் தெரியும், முடிவு வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், ஆனாலும் ஒருவரும் சொல்லவில்லையாம். இருபது வருடமாக இந்த வீட்டில் ஆதரவாளர்கள் அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம். நான் சொன்னதுதான் சரியாயிற்று என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோசம். வட்டிலப்பம் கொண்டுவந்தாள். சாப்பிட்டுவிட்டு, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, குடும்பத்தோடு வர வேண்டும் என்று கலியாணத்துக்குச் சொல்கிற முறைப்படியே சொன்னேன். எத்தனை பேர் வரலாம் என்று கேட்டாள். எல்லாரும் என்றேன். என்ன நிறத்தில் உடுப்பது என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை.

அந்தத் தெருவில் ஆறு வீடு, ஆலங்குடாவில் அதைவிடக் கூட. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தேத்தண்ணி. கற்பிட்டிக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை ஆகிவிட்டது.

கற்பிட்டிக் கரையில் மீன் பிடித்து ஏற்றும் வாடி வைத்திருக்கும் ரஹீம் நானா எங்கள் கழகத்தின் பழைய ஆட்டக்காரர். அறுபது வயதிருக்கும். அவரிடம் மூன்று படகும் ஒரு லொறியும் இருக்கின்றன. அவர் வருகிறார் என்றால் அவரோடு வாடியே வரும். ஆகவே அவரைப் பிடித்தால் பாதிக் கவலை போகும் என்று நினைத்தேன். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்களை நிறுத்திவிட்டு எனக்குக் கதிரை போட்டார். சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எட்டு வருடத்துக்கு முன் அவருடைய மகனை ஒரு ஆட்டத்தின் நடுவில் வெளியே எடுத்துவிட்டார்களாம். அதிலிருந்து மைதானத்தில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் பண்ணியிருக்கிறார். ஆனால் வெள்ளாப்பு தோற்றால் அன்றிரவு அவருக்குச் சாப்பாடு இறங்காது. புதுச் சட்டை தைக்கப் போன வருடமும் காசு அனுப்பியிருக்கிறார். அவர் ஆதரவாளர்தான், ஆனால் வரமாட்டார். இப்படி ஒரு சாதியை அல்லாஹ் வேறு எந்த ஊரிலும் படைத்திருப்பானோ தெரியாது. அவருடைய சத்தியத்தை எப்படிச் சுற்றிக்கொண்டு போவதென்று யோசித்தேன். அப்போதுதான் என் வாயில் அந்தச் சொல் வந்தது.

"நிஸ்தாருக்குக் கலியாணம் எண்டு நான் வந்து சொன்னா வருவீங்களா, மாட்டீங்களா?"

"அதென்ன கேள்வி ராத்தா. வராம இருப்பனா?"

"அப்ப இதையும் என்ட மகன்ட கலியாணம் மாதிரி நெனச்சு வாங்க."

ஐஸ் உடைத்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, கலியாணம் என்றால் வாடிச் சனம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றார். அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. போஸ்டர் அடித்தவர்கள் எல்லாம் இப்போது எங்கே என்று நினைத்தேன். அதன் பிறகு போன ஒவ்வொரு வீட்டிலும் அதே சொல்லைத்தான் சொன்னேன்.

லுஹர் தொழுதுவிட்டுப் படகுத்துறைக்குப் போனேன். உச்சமுனைக்குத் தலைக்கு முந்நூறு ரூபாய். படகில் நாங்கள் ஒன்பது பேர், நான்கு கேஸ் சிலிண்டர், இரண்டு மூட்டை மா, ஒரு கதவு. கதவுக்கு முந்நூறு ரூபாய் எடுக்கவில்லை என்று கதவுக்காரர் பெருமையாகச் சொன்னார். காற்று எதிர்ப்பக்கம். முந்தானை நனைந்தது, செருப்பு நனைந்தது. எதற்குப் போகிறீர்கள் என்று படகோட்டி கேட்டான். புட்போல் பார்க்கச் சனத்தைக் கூப்பிடப் போகிறேன் என்றேன். எந்தக் கழகம் என்று கேட்டான். சொன்னேன். தானும் வெள்ளாப்புதான் என்று நெஞ்சில் கை வைத்தான். எப்போதாவது மைதானத்துக்கு வந்தாயா என்று நான் கேட்கவில்லை. கடல் நடுவில் ஒருவனை ஏன் வெட்கப்படுத்த வேண்டும்?

உச்சமுனையில் வெள்ளை மணல். நடந்தால் கால் புதைகிறது. என் முழங்காலுக்கு அது ஆகாது. எங்கள் கோல் காப்பவன் ரிஸ்வான் இந்த ஊரில்தான் பெண் எடுத்தான். அவனுடைய மாமியார் ஸவ்தா வீட்டுக்குப் போனேன். அவள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். மருமகன் விளையாடுவதை ஒரு தரமும் பார்த்ததில்லையாம்.

"அவரு அங்க என்ன செய்ற?" என்று கேட்டாள்.

"கோலுக்குள்ள நிக்கிற."

"வேற?"

"நிக்கிறதுதான் வேலை."

"நிக்கிறதுக்கா கிழமைக்குக் கிழமை டீசல் செலவழிச்சுப் போற?" என்று மகளைத் திரும்பிப் பார்த்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் இடையில் புகுந்து, இது என் மகனின் கலியாணம் மாதிரி, ஊரைக் கூட்டிக்கொண்டு வாங்க என்றேன். கலியாணம் என்றதும் கருவாட்டை விட்டுவிட்டு எழுந்து கை கழுவினாள். கரைக்கு வந்தால் ரஹீம் நானாவின் லொறி ஏற்றிக்கொள்ளும் என்பதையும் சொல்லி வைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அன்று குடித்த தேத்தண்ணி இரண்டு நாளைக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. புதன்கிழமை முந்தலுக்குப் பஸ்ஸில் போனேன். அங்கே இறால் பண்ணைகளில் வேலை செய்யும் எங்கள் சனம் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் வருகிறோம் என்றார்கள். எல்லாரும் இன்ஷா அல்லாஹ் என்றார்கள். அந்த நல்ல சொல்லை நல்ல எண்ணத்தோடு சொல்கிறவர்கள் குறைவு. ஆனால் இந்த முறை முகத்தைப் பார்த்தேன். வருகிற முகமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு மைதானத்துக்குப் போனேன். லீக்கிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார், மாத்தயா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். சிலாபத்துக்காரர், சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். மரியாதையான மனிதர். குடையை மடித்துக் கதிரையில் சாத்திவிட்டு, இடைவேளை விசில் ஊதும்போது எத்தனை டிக்கட் விற்றிருக்கிறதோ அதுதான் கணக்கு என்று விளக்கினார். அது லீக்கின் சட்டமாம். நான் சிரித்துக்கொண்டே, மாத்தயா, இடைவேளைக்கு உங்கள் கதிரைக்கும் இடம் இருக்காது என்றேன்.

நாலு மணிக்கு விசில் ஊதினார்கள். உள்ளே ஐம்பது பேர் இருந்தார்கள். வேலிக்கு வெளியே பஸீர் ஓட்டோவின் மேல் ஏறி நின்றான். வேறு ஒருவரும் இல்லை. நாலேகால் ஆயிற்று. வீதி வெறுமையாகக் கிடந்தது. நிஸ்தார் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் ஒரு கோல் வாங்கினோம். அவன் அதையும் பார்க்கவில்லை. "உம்மா, நீங்க நாலு மணி எண்டுதானே சொன்னீங்க?" என்று மூன்று தரம் கேட்டான். நாலு மணி என்றுதான் சொன்னேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

நாலரை மணி இருக்கும். வீதியில் புழுதி எழுந்தது. முதலில் இரண்டு வான், பிறகு ஓட்டோக்கள், பிறகு ரஹீம் நானாவின் மீன் லொறி, கழுவித் துடைத்து, மேலே பாய் விரித்து, கதிரை போட்டு. பின்னால் முந்தலிலிருந்து ஒரு பஸ். இறங்கினார்கள். எல்லாரும் புது உடுப்பு. பெண்கள் கழுத்து நிறையப் போட்டிருந்தார்கள். ஆம்பிளைகளிடம் அத்தர் மணம், அடியில் கொஞ்சம் மீன் மணம். ஹாஜராவின் கையில் துணி மூடிய தட்டம், அதில் தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல். பிள்ளைகளுக்குக் கண்ணில் சுருமா.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கலியாணம் மாதிரி வாருங்கள் என்றேன். கலியாணத்துக்கு வருவது மாதிரியே வந்துவிட்டார்கள். எங்கள் சனத்தில் நாலு மணி என்று சொன்ன கலியாணத்துக்கு நாலு மணிக்குப் போகிறவன் சோற்றுக்கு அலைகிறவன். மரியாதையான குடும்பம் அரை மணி பிந்தித்தான் போகும். கலியாணம் காத்திருக்கும். பந்து காத்திருக்குமா?

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வாசலில் டிக்கட் விற்ற பொடியன், நூறு ரூபாய் என்று ஹாஜராவிடம் டிக்கட்டை நீட்டினான். அவள் தட்டத்தோடு அப்படியே நின்றாள்.

"ராத்தா வீட்டுக்கு வந்து வாயால சொல்லிட்டு, வாசல்ல காசு கேக்கிறதா?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அது பின்னால் நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது. அழைத்த வீட்டில் யாராவது காசு கொடுத்து உள்ளே போவார்களா? ஒருவரும் நகரவில்லை. முந்தல் பஸ்காரர்கள் திரும்பி பஸ்ஸைப் பார்த்தார்கள். ரஹீம் நானா, மைதானத்தில் கால் வைப்பதில்லை என்ற சத்தியம் இன்னும் முறியவில்லை என்று சொல்லி, வாசலுக்கு ஓரடி வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானூறு, ஐந்நூறு பேர், புது உடுப்போடு, வெள்ளாப்பின் ஆதரவாளர்கள், வெள்ளாப்பு விளையாடுவதைப் பார்க்காமல் வாசலில் நிற்கிறார்கள். உள்ளே ஐம்பது டிக்கட். மாத்தயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நிஸ்தார் என்னைப் பார்த்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பினேன். அப்போதுதான் ரஹீம் நானாவின் சட்டைப்பையில் என்வலப் தெரிந்தது. கலியாணத்துக்குக் கொண்டுவருவது. ஹாஜராவின் கைப்பையிலும் ஒன்று இருக்கும். எல்லார் கையிலும் இருக்கும். எங்கள் சனம் வெறுங்கையோடு கலியாணத்துக்கு வராது.

கதிரையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். டிக்கட் புத்தகத்தைப் பொடியனிடமிருந்து வாங்கி மடியில் வைத்தேன். "டிக்கட்டுக்குக் காசு வேணாம். நான்தான் கலியாணக்காரி. கையில வைக்கிறத என்ட கையில வைங்க, நான் தாறதை வாங்கிக்கொண்டு உள்ளுக்குப் போங்க" என்றேன்.

ஹாஜரா யோசித்தாள். இது வேறு விசயம். என்வலப்பை எடுத்து என் கையில் வைத்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து முஸாபஹா செய்தாள். நான் டிக்கட் கிழித்துக் கொடுத்தேன். தலைக்கு ஒரு டிக்கட், அவளுடைய குடும்பத்துக்குப் பதினான்கு. நூறு ரூபாய்க்கு முகம் சுளித்தவள் என்வலப்பில் இரண்டாயிரம் வைத்திருந்தாள். இந்தச் சனத்தை என்ன செய்வது?

அடுத்தவர், அடுத்தவர் என்று வந்தார்கள். ஆனால் கலியாணக்காரிக்குச் சும்மா கையில் வைத்துவிட்டுப் போக மாட்டார்களே. ஸலாம் சொல்ல வேண்டும். முழங்கால் எப்படி என்று கேட்க வேண்டும். மூத்தவளுக்கு எத்தனை பிள்ளை, இளையவனுக்கு ஏன் இன்னும் பெண் பேசவில்லை என்று கேட்க வேண்டும். நான் கையை ஆட்டுகிறேன், போங்க போங்க என்கிறேன், அவர்கள் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு மௌத்தான என் புருசனுக்குத் துஆ கேட்கிறார்கள். துஆவுக்கு நடுவில் ஒரு மனுசியை எப்படித் தள்ளுவது? உச்சமுனை ஸவ்தா மட்டும் ஒன்றும் கேட்காமல் டிக்கட்டைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினாள், மருமகன் நிற்பதைப் பார்க்க.

இடைவேளை விசில் ஊதியது.

இருநூற்றுச் சொச்சம் டிக்கட் கிழிந்திருந்தது. மீதிச் சனம் வரிசையில் நின்றது. மாத்தயா வந்து டிக்கட் புத்தகத்தை வாங்கி, கடைசியாகக் கிழித்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். நான் விடவில்லை.

"மாத்தயா, இந்தச் சனத்தைக் கண்ணால பாக்கிறீங்கதானே?"

"பாக்கிறன் அம்மா. பேப்பர்ல கண்ணுக்கு இடம் இல்ல."

பொல்லாத மனிதர் என்று சொல்ல முடியாது. சட்டத்தை அவர் எழுதவில்லை. ஹாஜராவின் தட்டத்தைத் திறந்து, தொதல் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று சாப்பிட்டார், இன்னொன்று எடுத்தார். மீதிப் பேரும் என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். ரஹீம் நானா கடைசியாக வந்தார். என்வலப்பை வைத்தார். இது மைதானமா, கலியாண வீடா என்று என்னிடம் கேட்டார். கலியாண வீடு என்றேன். அப்படியென்றால் சத்தியம் முறியாது என்று சொல்லிவிட்டு உள்ளே கால் வைத்தார். பஸீரையும் ஓட்டோவிலிருந்து இறங்கச் சொன்னேன். கையில் என்வலப் இல்லையே மாமி என்றான். அங்கேயே நில் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் பாதியில் மைதானம் நிறைந்திருந்தது. எங்கள் பிள்ளைகள் அந்தச் சத்தத்தைப் பிறந்த நாளிலிருந்து கேட்டதில்லை. பயந்துபோய் முதல் பத்து நிமிடம் பந்தை யாரிடமும் கொடுக்காமல் வெளியே உதைத்தார்கள். பிறகு ஒரு கோல் திருப்பி அடித்தார்கள். ரிஸ்வான் ஒரு பந்தைப் பாய்ந்து விழுந்து பிடித்தான். சனம் எழுந்து நின்றது. ஸவ்தா மட்டும் என்னிடம் வந்து, "நிக்கிறதுதான் வேலை எண்டீங்க, இவரு படுக்கிறாரே ராத்தா" என்றாள். ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. முடிந்ததும் முந்தல் பஸ்ஸில் வந்த ஒருவர் என் பக்கம் வந்து, சஹனில் சோறு எப்போது வைப்பார்கள் என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன்.

போகுமுன் மாத்தயா இன்னொரு தரம் டிக்கட் எண்ணிப் பார்த்தார். ஐந்நூற்றுக்கு மேல் இருந்தது. இடைவேளைக் கணக்கையும் எழுதினார், முடிவுக் கணக்கையும் கீழே எழுதினார். கீழே எழுதியது செல்லுமா என்று நிஸ்தார் கேட்டான். செல்லாது, ஆனால் வாசிப்பார்கள் என்றார். பத்து நாள் கழித்து லீக்கிலிருந்து பதில் வந்தது. இன்னும் ஒரே ஒரு ஆட்டம் எங்கள் மைதானத்தில். இடைவேளைக்குள் ஐந்நூறு. இல்லாவிட்டால் சிலாபம். அதற்கு மேல் பேச்சு இல்லை.

பிழை என்னுடையது என்று நிஸ்தார் சொல்கிறான். அழைத்த விதம் பிழையாம். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆறாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று அவன் எழுதியதைப் பொய் என்று நினைத்துக்கொண்டுதான் ஓட்டோவில் ஏறினேன். பொய் இல்லை. நுரைச்சோலையிலிருந்து உச்சமுனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன், இருக்கிறார்கள். வீட்டில் இருக்கிறார்கள். வாடியில் இருக்கிறார்கள். வேலிக்கு வெளியே ஓட்டோவின் மேல் நிற்கிறார்கள். சனம் மைதானத்துக்கு வராவிட்டால் எங்கள் பிள்ளைகள் சிலாபத்து மைதானத்தில் யாருக்காக ஓடுவார்கள்?

இன்னொரு தரம் அந்த மணலில் நடக்க என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. ஆகவே இதை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொண்டுபோய், கொடுப்பதோடு நிற்காமல், உட்கார்ந்து வாயால் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். இது அழைப்பு. உங்கள் வாசலுக்கு நான் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள், தேத்தண்ணியை வாசிக்கிறவருக்குக் கொடுங்கள். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை. ஆட்டம் பின்னேரம் மூன்று மணிக்கு. நாலு மணிக்குத்தானே என்று யாரும் கேட்க வேண்டாம், நான் மூன்று என்று எழுதினால் மூன்று. இது கலியாணம் இல்லை. சஹன் இல்லை. தட்டம் வேண்டாம், தொதல் மட்டும் கொண்டுவரலாம், மாத்தயாவுக்குப் பிடிக்கும். டிக்கட் நூறு ரூபாய், தலைக்கு ஒன்று, வாசலில் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும். என் முழங்கால் நன்றாக இருக்கிறது, யாரும் விசாரிக்க வேண்டாம்.

எழுதி முடித்துவிட்டேன், இனிப் பேத்தியைக் கூப்பிட வேண்டும். ஸும்ரா, மகள், இங்கே வா. நிஸ்தார் வருமுன் ஒரு தரம் வாசித்துக் காட்டு, நான் நினைத்ததுதான் எழுத்திலும் இருக்கிறதா பார்ப்போம். அங்கே வேண்டாம், இந்த ஜன்னல் பக்கம் நின்று வாசி. ஜன்னலைத் திற. பஸீர் வெளியே ஓட்டோ கழுவுகிறான். நூறு ரூபாய் என்ற இடம் வந்ததும் சத்தத்தைக் கூட்டு, அதை மட்டும் இரண்டு தரம் வாசி.